காவினுக்குள் இருந்த கடதாசி

உன் அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம்தான் முதலில் வந்தது. நீ மௌத்தாகிப் பதினோராவது நாள் அது. மரணப் பதிவுக்கு உன் அடையாள அட்டையும் காவினும் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். உன் கணவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "நீங்களே பாத்து எடுங்க மச்சான். அவ எல்லாத்தையும் அடித்தட்டுலதான் வெச்சிரிப்பா" என்றார். அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். இத்தனை வருடத்தில் ஒருவர் பெயரை மற்றவர் சொல்ல வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததே இல்லை.

அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. அடையாள அட்டை, மகளின் பிறப்புப் பத்திரம், அவற்றுக்குக் கீழே உங்கள் கலியாணப் பதிவான காவின். நாலாக மடித்திருந்த அதைப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னத் துண்டு மடியில் விழுந்தது. ஆசுபத்திரி ஆய்வுகூடத் துண்டு, ஓரமெல்லாம் பழுப்பு. எழுத்து என்னுடையது. கையெழுத்தும் என்னுடையதே. அந்தத் துண்டை நீ எப்போதோ எறிந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

துண்டை வாசித்தேன். பிறகு காவினையும் வாசித்தேன். உன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை தங்கச்சி. உன்னைக் கப்றில் வைத்த அன்றும் வரவில்லை. மகன் இருந்தால் அவன் குழிக்குள் இறங்கியிருப்பான். இல்லாதபடியால் நான் இறங்கினேன். எழுபது தாண்டிய கிழவன் இறங்க வேண்டாமென்று ஆட்கள் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. மண் ஈரமாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

உன் கலியாணம் எழுபதுகளின் கடைசியில். நான் அப்போது கொழும்பில் இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கிற படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவும் நானும் செய்யவேண்டிய வேலை. பெண்ணுக்கு வீடில்லாமல் நம் பக்கத்தில் கலியாணப் பேச்சே எடுக்கமுடியாது. ஒவ்வொரு லீவுக்கும் வந்து வாப்பாவோடு நின்று கல் அரிந்தேன். உள்ளங்கை காய்த்துப்போய்க் கொழும்புக்குத் திரும்புவேன். "காக்கா ஊசி புடிக்கிற கையா இது, மம்பட்டி புடிக்கிற கையா?" என்று இந்த அண்ணனைப் பார்த்து நீ சிரிப்பாய். அவ்வளவு கல் அரிந்தவன் காவின் எழுதுகிற நேரத்துக்கு வந்துசேரவில்லை. மட்டக்களப்பு ரயில் தாமதமாகி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்முனைக்கு வரும்போது பெயர் வாசித்து, கையெழுத்து வைத்து, துஆவும் ஓதி முடித்துவிட்டார்கள். நான் நேரே சாப்பாட்டில் போய் உட்கார்ந்தேன். பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சகன் தட்டில் என் பக்கத்தில் இருந்தவர் மாப்பிள்ளை வீட்டுப் போடியார். நாவிதன்வெளியில் வயல் வைத்திருந்தவர், பாலமுனைக்காரர், பெரிய சிரிப்புக்காரர். மச்சான் அவரை 'வாப்பா' என்று கூப்பிட்டார். ஊரெல்லாம் 'போடியார்' என்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் தாய்க்குப் போடவேண்டிய ஓர் ஊசி இருக்கிறது, தாயின் இரத்தம் நெகட்டிவாகவும் பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவாகவும் இருந்தால். கொழும்பில் அதைப் பற்றி நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், நீ உன் வீட்டு உள்ளறையில் மருத்துவிச்சியின் கையில் மகளைப் பெற்றாய். உன் இரத்தம் என்னவென்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஊருக்கு வரும்போது ஒரு பொம்மை வாங்கிவந்தேன்.

இரண்டாவது பிள்ளை மஞ்சளாகப் பிறந்து மூன்றாம் நாள் போனது. மூன்றாவது ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் வந்தது. கண்ணூறு என்றார்கள், நூல் ஓதிக் கட்டினார்கள், ஏதோ பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள். நான் அப்போது ஊருக்கே மாற்றலாகி வந்திருந்தேன். அந்த மூன்றாவதுக்குப் பிறகுதான் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் விரலில் குத்தினேன். வெள்ளை ஓட்டில் ஒரு சொட்டு இரத்தம், அதில் ஒரு சொட்டு மருந்து, ஒரு குச்சியால் கலக்கி இப்படியும் அப்படியும் சரித்துப் பார்ப்போம். பொசிட்டிவ் என்றால் பால் திரைந்ததுபோல் மணல் மணலாகத் திரளும். உன்னுடையது திரளவே இல்லை. என் இரத்தத்தை வைத்துப் பார்த்தேன், உடனே திரண்டது. உம்மாவுடையதும் திரண்டது, வாப்பாவுடையதும் திரண்டது. மச்சானுடையதும் உன் மகளுடையதும் அப்படியே. குடும்பத்தில் நீ ஒருத்திதான் நெகட்டிவ்.

டொக்டர் உன்னையும் மச்சானையும் கூப்பிட்டுச் சொன்னார்: முதல் பிள்ளையின் இரத்தத்தில் கொஞ்சம் உன் உடம்பில் கலந்துவிட்டது, உன் உடம்பு அதை அந்நியமென்று அறிந்துவைத்துக்கொண்டது, இனி அந்த இரத்தத்தோடு எந்தப் பிள்ளை வயிற்றில் வந்தாலும் அது சும்மா இருக்காது. இனிப் பிள்ளை வேண்டாம் என்றார். மச்சான் வெளியே வந்ததும், "எனக்கு மகள் ஒராள் போதும். நீ இரிந்தாப் போதும்" என்றார். நல்ல மனிதர்.

அந்தக் கிழமை உன் குசினிக்கு வந்தேன். புளி உடைத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாய்.

"உம்மாவும் வாப்பாவும் பொசிட்டிவ் எண்டா நான் மட்டும் எப்பிடி காக்கா நெகட்டிவ்?"

உன் சுளகிலிருந்த புளியங்கொட்டைகளை எடுத்து வைத்துத்தான் சொன்னேன். ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டு கொட்டை. ஒன்று உம்மா தந்தது, மற்றது வாப்பா தந்தது. கறுப்பு என்றால் பொசிட்டிவ், தோல் உரிந்த வெள்ளை என்றால் நெகட்டிவ். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் கறுப்புத்தான் வெளியே தெரியும். வெள்ளை இருப்பது அந்த ஆளுக்கே தெரியாது. உம்மாவிடம் ஒரு வெள்ளை ஒளிந்திருந்தது, வாப்பாவிடம் ஒன்று. இரண்டும் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டன.

"வீட்டையும் தந்து இதையும் தந்திரிக்காங்க" என்றாய். "நல்ல சீதனம். உங்களுக்கு என்ன தந்தாங்க?"

"எனக்கு ஒரு கறுப்பு நிச்சயம். மத்தது கறுப்பா வெள்ளையா எண்டு தெரியா."

கொட்டைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். பிறகு உன் கணக்கை நீயே போட்டாய். "அப்ப அவருக்கிட்டயும் ஒரு வெள்ள ஒளிஞ்சிரிந்தா, வாற புள்ளைக்கு அது வர ஏலும். ரெண்டும் வெள்ளையெண்டா என்ட உடம்பு அத ஒண்டும் செய்யாது. அப்பிடித்தானே?"

"ஓம். அப்பிடி இருந்தாப் பாதிக்குப் பாதி. இல்லாட்டி எல்லாப் புள்ளையும் பொசிட்டிவ்தான்."

"இரிக்கா இல்லையா எண்டு எப்பிடிக் கண்டுபுடிக்கிற?"

அவருடைய உம்மா, வாப்பா இருவரில் ஒருவர் நெகட்டிவாக இருந்தால் நிச்சயமாகச் சொல்லலாம் என்றேன். நெகட்டிவான ஆளிடம் கொடுப்பதற்கு வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதைச் சொன்ன நேரத்தில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. படித்ததை ஒருவர் முகத்துக்கு முன்னால் பயன்படுத்துகிற பெருமை. ஏன் இந்தப் பாடு, மகள் இருக்கிறாளே என்றும் கேட்டுவைத்தேன். நீ புளியை உருட்டிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டே சொன்னாய்: "எனக்கு நீங்க இரிக்கிற மாதிரி அவளுக்கு ஆரு இரிக்கா?"

அடுத்த ஞாயிறு காலை, ஊசியும் போத்தலும் ஐஸ் போட்ட பிளாஸ்குமாகப் பாலமுனைக்குப் போனேன். மச்சானும் கூடவந்தார். குடும்பத்தில் எல்லாருடைய இரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். கொட்டைக் கணக்கை உன்னைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை; சொல்லிப் புரியவைக்கப் பொறுமையும் இல்லை. மச்சானின் உம்மாவான மாமி ஊசியைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போடியார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"பேரப்புள்ளைக்கெண்டா ஒரு போத்தல் எடுங்க தம்பி" என்றார். "வயல்ல அட்டை குடிக்கிறதவிட நீங்க குடிக்கிற நல்லந்தானே."

மாமியின் இரத்தம் திரண்டது. போடியாருடையது திரளவில்லை. சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் ஓட்டில் அது சிவப்புத் தண்ணீராகவே ஓடியது. ஆய்வுகூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். உடனே ஒரு துண்டில் எழுதினேன். இப்போது என் மடியில் கிடக்கிற துண்டு அதுதான். 'மாமி பொசிட்டிவ். போடியார் நெகட்டிவ். ஆகவே மகனிடம் ஒரு நெகட்டிவ் நிச்சயம் உண்டு. பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி.'

சைக்கிளில் நேரே உன்னிடம் வந்தேன். நீ துண்டை வாசித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன். நீ கேள்வி கேட்டாய்.

"காக்கா, வாப்பாட இரத்தத்தப் பாத்தாத்தானே மகன்ட தெரியும்?"

"ஓம். வாப்பாட, இல்லாட்டி உம்மாட."

"வேற ஆருடயும் பாத்தாச் சரிவராதா? சொந்தக்காரங்கட?"

"அதெல்லாம் நிச்சயமாச் சொல்ல ஏலா" என்றேன். கெட்டிக்காரி, நுணுகிப் படிக்கிறாள் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

துண்டை என் கையில் திருப்பித் தந்தாய். "சரி. கீழ கையெழுத்து வெச்சித் தாங்க. அவருக்குக் காட்டணும்."

வைத்தேன்.

மச்சான் அந்தத் துண்டை நம்பினார். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, பாதிதான் வாய்ப்பு என்று மறக்க வேண்டாம் என்றார். நீ நாலாவது தடவை உண்டானாய். எண்பதுகளின் அந்தச் சண்டை வருடங்களில் மட்டக்களப்புப் பாதை எந்நாளும் திறந்திருக்காது, அதனால் எட்டாம் மாதமே உன்னை நான் வேலைசெய்த ஆசுபத்திரியிலேயே சேர்த்துவிட்டோம். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிபோலப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. கொப்பூழ்க்கொடி இரத்தத்தை ஒரு தாதி என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

ஓட்டில் ஒரு சொட்டு விட்டேன். மருந்தை விட்டேன். கலக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. குச்சி பட்டதும் திரண்டுவிட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத நேரத்தில் எனக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. நான் ஓட்டைக் கழுவவில்லை. கையில் வைத்துக்கொண்டே வார்டுக்கு நடந்துவந்தேன். ஏன் அதைக் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

நீ ஓட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். "கறுப்புக் கொட்டையா காக்கா?" என்று கேட்டாய்.

தலையை ஆட்டினேன்.

"சரி. பாங்கு சொல்லுங்க."

அவன் வலது காதில் பாங்கு சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பிள்ளை கண் திறக்கவில்லை, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் ஏறி இறங்கியது. நானும் மச்சானும் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கிவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நீ திரும்பாமலே சொன்னாய்: "உங்கட கணக்குல பிழையில்ல காக்கா. பாதிக்குப் பாதி எண்டுதானே எழுதினீங்க. மற்றப் பாதி வந்திட்டு. அல்லாஹ்ட நாட்டம்."

நான் அதை ஏற்றுக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முழுதாக ஏற்றுக்கொண்டேன். பிள்ளை போனது வேறு, கணக்கு சரி என்பது வேறு என்று இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டேன். பிற்காலத்தில் என்னிடம் வேலை பழக வந்தவர்களுக்கு இரத்தம் இறங்கிவரும் முறையைச் சொல்லிக்கொடுக்கும்போது, பெயர் சொல்லாமல் போடியாரின் இரத்தத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். தகப்பன் நெகட்டிவ், ஆகவே மகனிடம் ஒன்று நிச்சயம். கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போடுவேன்.

இப்போது காவினுக்கு வருகிறேன். அதில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது. அது போடியாரின் பெயர் இல்லை. பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று வேறு எழுதியிருக்கிறது. உன் கலியாணத்துக்கு முன்னமே இறந்துபோன ஒரு மனிதர். நான் அவரோடு சகனில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

வெளியே போய் மச்சானிடம் கேட்டேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"மச்சான், காவின்ல உங்கட தகப்பன் எண்டு இரிக்கிற இவர் ஆரு?"

"என்ட வாப்பா" என்றார். "நான் வயித்துக்குள்ள இரிக்கக்குள்ளயே மௌத்து. போடியார் அவர்ர தம்பி, எனக்குச் சாச்சா. உம்மாவ மறுகா அவர்தான் கலியாணம் முடிச்ச. எனக்கு வாப்பா எண்டு தெரிஞ்ச ஆள் அவர்தானே. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் ஒளிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நம் ஊரில் ஒரு மாப்பிள்ளையை விசாரித்தால் எந்தக் குடி என்றுதான் கேட்போம். குடி உம்மா வழியாக வருவது. மாமியின் குடி நல்ல குடி என்றார்கள், அதோடு விசாரணை முடிந்துவிட்டது. தகப்பன் வழியைக் கேட்கவேண்டிய ஒரே ஆள் நான். போத்தலும் ஊசியுமாகப் போன எனக்கும் அது தோன்றவில்லை. சாச்சாவின் இரத்தம் ஒன்றுமே சொல்லாது என்றில்லை. அண்ணனிடமும் ஒரு வெள்ளை இருந்திருக்கலாம், அது மச்சானுக்கு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனால் நான் எழுதிய சொல் 'நிச்சயம்'.

"தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"அவவுக்குத் தெரியாம? கலியாணம் பேசக்குள்ளயே தெரியும். வருசா வருசம் என்னப் பெத்த வாப்பாட பேருல கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறவ அவதானே."

பிறகு அவராகவே சொன்னார். "அந்தப் பொடியன் உண்டாக முதல் ஒரு நாள், நீங்க கையெழுத்து வெச்ச துண்டெண்டு ஒண்டக் காட்டினா. காக்கா பாத்துட்டார், இனிப் பயப்பட வேணா எண்டா. நான் விசாரிக்கல்ல. நீங்க படிச்ச ஆள்."

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை தங்கச்சி. சொல்லப்போவதும் இல்லை. நீ அவரோடு அத்தனை வருடம் சொல்லாமல் இருந்த ஒன்றை நான் எடுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கணக்குத் தெரிந்தவன் நான், ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிந்தவர் மச்சான், கணக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நீ. துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போதே உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் துண்டைக் கிழித்திருப்பேன். நீ கையெழுத்துக் கேட்டாய்.

உன்மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கோபம் வரவேண்டும். என் கையெழுத்தை வைத்து மச்சானை ஏமாற்றினாய், உன் உயிரையும் பணயம் வைத்தாய். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கணக்கில் பிழையில்லை என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். பிழை தெரிந்தால் இவன் தாங்கமாட்டான் என்று நினைத்துத்தானே சொன்னாய்? கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கை மரத்துப்போய்க் கிடக்கும்போது அதை மறுகையால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது. நீ கேட்ட கேள்வி மட்டும் காதில் நிற்கிறது. 'எனக்கு நீங்க இரிக்கிற மாதிரி அவளுக்கு ஆரு இரிக்கா?' நான் இருந்ததற்காகத்தான் நீ இதைச் செய்தாய்.

உன் மகள் பிளேன்டீ கொண்டுவந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. நான் துண்டை மறைக்க நினைத்தேன், முடியவில்லை.

"என்ன மாமா அது?"

"உங்கட உம்மாட இரத்தம் பாத்த காலத்துத் துண்டு."

"உம்மா நெகட்டிவ்தானே? சொல்லி இரிக்கா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் பொசிட்டிவ். முகமும் வாப்பாட முகமாம், எல்லாரும் சொல்ற. அப்ப உம்மாட ஒண்டும் எனக்கு வரல்லயா மாமா?"

"வந்திரிக்கி" என்றேன். "உம்மாக்கிட்ட இருந்த ரெண்டும் ஒரே மாதிரி. அதுல ஒண்ட உங்களுக்குத் தராம உங்களப் பெத்திரிக்க ஏலா. வெளியால தெரியாது. ஆனா உள்ளுக்கு இரிக்கி."

"நிச்சயமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சிரிக்கவைக்க நினைத்தவளாக, "அப்ப எழுதிக் கையெழுத்து வெச்சித் தாங்க" என்றாள்.

காவினை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். பழைய துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது, அது என்னோடேயே இருக்கட்டும். மகளிடம் ஒரு பேனை கேட்டு வாங்கினேன். அவள் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். எழுத்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது. 'உம்மாவுடைய ஒன்று மகளிடம் நிச்சயம் உண்டு' என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். இந்தக் கணக்கில் பிழையில்லை தங்கச்சி. இதில் தாயைப் பற்றி மட்டும்தான் கேள்வி, அந்தத் தாய் யாரென்று எனக்குத் தெரியும்.